தோலை இழுக்காதீங்க, சங்கதியை மறைக்காதீங்க!



இந்தப் பக்கத்தில் இரத்தசோகை, கர்ப்பப்பைப் பிரச்சினை, மார்பகப் பரிசோதனை என்று நம்ம உடம்பைப் பற்றித்தான் பேசி வந்திருக்கிறோம். இந்த மாதம் ஆண்களுக்கு வரும் ஒரு பிரச்சினையைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆணுறுப்பின் முன்தோல் இறுக்கமாக இருப்பது. டாக்டர்கள் இதை 'ஃபைமோசிஸ்' என்று சொல்கிறார்கள்.

"ஐயே, இதையெல்லாம் போய் மகளிர் குழு இதழில் எழுதுவாங்களா?" என்று சிலர் பக்கத்தைத் திருப்பலாம். கொஞ்சம் பொறுங்க. ஆண் குழந்தையைக் குளிப்பாட்டி விடுறது யாரு? நாம்தான். பையன் ஒண்ணுக்குப் போகும்போது அழுதா முதல்ல பார்ப்பது யாரு? நாம்தான். வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட அலையறதும், குழுவில் கடன் வாங்கி வைத்தியம் பார்க்கிறதும் நாம்தான். அப்போ விஷயமும் நமக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

நம் கூட்டமைப்பில் உள்ள இரண்டு குழுக்களில் நடந்ததைக் கேளுங்க. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, பேர் சொல்லாமல் எழுதுகிறோம்.

இரண்டு வீடுகளில் நடந்தது

அம்பத்தூர் பக்கம் ஒரு சகோதரி. பையனுக்கு இரண்டரை வயசு. ஊரிலிருந்து வந்த மாமியார் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார். "குஞ்சுத் தோலை இப்பவே பின்னால தள்ளிப் பழக்கணும். இல்லைன்னா பெரியவனானா கஷ்டப்படுவான்" என்று சொல்லி, தினமும் எண்ணெய் வைத்துத் தோலை இழுத்து விட்டிருக்கிறார். பாசத்தில் செய்ததுதான். ஒரு நாள் பின்னால் போன தோல் முன்னால் வரவே இல்லை. வலிக்குதுன்னு குழந்தை கத்த, மாமியாரும் மருமகளும் பயந்து போய் அப்படியே விட்டுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள முனை வீங்கிப் பளபளன்னு ஆயிடுச்சு. இரவு ஆட்டோ பிடிச்சு அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். அங்கே டாக்டர் தோலை முன்னுக்குக் கொண்டு வந்து விட்டார். "காலையில பார்த்துக்கலாம்னு இருந்திருந்தா விபரீதமா போயிருக்கும்" என்றாராம்.

இரண்டாவது, ஆவடி பக்கம். ஒரு சகோதரி குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் கேட்டார். காரணம் கேட்டால் 'மருத்துவச் செலவு' என்று மட்டும் சொன்னார். கூட்டம் முடிந்த பிறகு ஊக்குநரிடம் தனியாக அழுதிருக்கிறார். வீட்டுக்காரருக்கு 41 வயசு. ஒரு வருஷமாகக் கிட்டவே வருவதில்லை. வேறு தொடர்பு இருக்குமோ என்று இவருக்குச் சந்தேகம். தினம் சண்டை. கடைசியில், உறவு கொண்டால் வலிக்கிறது, தோல் வெடித்து ரத்தம் வருகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். சுவர் போஸ்டரைப் பார்த்து லாட்ஜில் உட்கார்ந்திருக்கும் ஒரு 'வைத்தியரிடம்' போயிருக்கிறார். அந்த ஆள் உறுப்பைப் பார்க்கக்கூட இல்லை. "நரம்புத் தளர்ச்சி, ஒரு மண்டலம் லேகியம் சாப்பிடணும்" என்று சொல்லி முன்பணம் வாங்கிவிட்டார். மீதிப் பணத்துக்குத்தான் இந்தக் கடன்.

ஊக்குநர் விவரமானவர். "கடன் அப்புறம் பார்க்கலாம், முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று இரண்டு பேரையும் அழைத்துப் போனார். டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: முன்தோல் இறுகிப் போய் ஓரமெல்லாம் வெடிப்பு. இரத்தத்தில் சர்க்கரை பார்த்தால் 280-க்கு மேல். தனக்குச் சுகர் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். நரம்பும் தளரவில்லை, வேறு தொடர்பும் இல்லை. லேகியத்துக்குக் கொடுத்த முன்பணம் போனது போனதுதான்.

இந்த இரண்டு சம்பவத்தையும் சேர்த்துப் பாருங்க. குழந்தை விஷயத்தில் அவசரப்படுகிறோம். பெரியவர்கள் விஷயத்தில் வெட்கப்பட்டுத் தள்ளிப் போடுகிறோம். நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறு. குழந்தைக்குப் பொறுமை, பெரியவருக்கு உடனே டாக்டர். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீங்க.

முன்தோல் என்றால் என்ன?

ஆணுறுப்பின் முனையை 'மொட்டு' என்பார்கள். அதை மூடியிருக்கும் மெல்லிய தோல்தான் முன்தோல். நம்ம கண்ணுக்கு இமை மாதிரி, மொட்டுக்கு அது மூடி. வளர்ந்த ஆணுக்கு இந்தத் தோல் வலியில்லாமல் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து மூட வேண்டும். தோலின் வாய் குறுகி, பின்னால் போகாமல் இருப்பதுதான் முன்தோல் இறுக்கம்.

இது இந்தக் காலத்தில் புதிதாக வந்த நோய் இல்லை. சுஸ்ருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூலிலேயே இறுகிய தோலுக்கு 'நிருத்தப்பிரகாசம்' என்றும், பின்னால் போய் மாட்டிக்கொள்வதற்குப் 'பரிவர்த்திகை' என்றும் பேர் வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வைத்தியர்களே வெட்கப்படாமல் எழுதி வைத்த விஷயத்துக்கு நாம் ஏன் வெட்கப்படணும்?

குழந்தைக்கு இறுக்கமா இருந்தா அது நோயா?

பெரும்பாலும் இல்லை. பிறக்கும்போதே முன்தோலும் மொட்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டித்தான் இருக்கும். இயற்கை அப்படித்தான் படைத்திருக்கிறது. வளர வளர, உள்ளே உள்ள தோல் செல்கள் உதிர்ந்து, ஒட்டு தானாக விடும்.

1949-ல் இங்கிலாந்தில் டக்ளஸ் கேர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கணக்கெடுத்து எழுதினார். பிறந்த குழந்தைகளில் 100-க்கு 4 பேருக்குத்தான் தோல் முழுதாகப் பின்னால் போனது. 1968-ல் டென்மார்க் நாட்டு மருத்துவர் யாகோப் ஓஸ்டர், 6 வயது முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பையன்கள் ஏறக்குறைய 2,000 பேரைப் பார்த்தார். 6, 7 வயதில் 100-க்கு 8 பேருக்கு இறுக்கம் இருந்தது. 16, 17 வயதில் 100-க்கு ஒருவருக்குத்தான் இருந்தது. அதாவது, ஆபரேஷன் எதுவும் இல்லாமலே பெரும்பாலான பையன்களுக்கு வயசு ஏற ஏறச் சரியாகி விடுகிறது.

அதனால் 3 வயசில் சரியாகலையே, 5 வயசில் சரியாகலையே என்று கவலைப்பட வேண்டாம். வலி, காய்ச்சல், சீழ் இல்லையென்றால் பொறுத்திருக்கலாம். சில பையன்களுக்கு வயசுக்கு வரும் காலத்தில்தான் தோல் முழுதாக விடும்.

தாய்மார்கள் பார்த்துப் பயப்படும் இரண்டு விஷயங்கள்:

1. தோலுக்கடியில் வெள்ளையாக, தயிர்த் துளி மாதிரி. இது சீழ் இல்லை. உதிர்ந்த செல்கள் சேர்ந்து உருண்டை போல நிற்கிறது. தோல் விடும்போது தானாக வெளியே வந்துவிடும். பிதுக்கி எடுக்க வேண்டாம்.

2. ஒண்ணுக்குப் போகும்போது தோல் பலூன் மாதிரி உப்புவது. குழந்தை அழாமல், சிறுநீர் நன்றாகப் போனால் இதனால் மட்டும் ஆபத்தில்லை. ஒட்டு விடும் சமயத்தில் இப்படி வரும்.

இழுத்தா என்ன ஆகும்?

பலவந்தமாக இழுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் தோல் கிழியும். கிழிந்த இடம் ஆறும்போது தழும்பு விழும். தழும்பு சுருங்கும். அப்புறம் இயல்பாக விட வேண்டிய தோல் நிஜமாகவே இறுகிப் போகும். பின்னாடி கஷ்டம் வரக்கூடாது என்று நினைத்துச் செய்வதே கஷ்டத்தைக் கொண்டு வரும். நம்ம அம்பத்தூர்ப் பையனுக்கு நடந்த மாதிரி தோல் பின்னால் மாட்டிக்கொள்ளவும் செய்யும்.

பாட்டிமார்களைக் குறை சொல்ல வேண்டாம். அவர்களுக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். "அத்தை, டாக்டரே இழுக்க வேண்டாம்னு சொல்றாங்க" என்று பக்குவமாக எடுத்துச் சொல்லுங்க. இந்தக் கட்டுரையையே படித்துக் காட்டுங்க.

குளிப்பாட்டும்போது வெளிப்பக்கம் மட்டும் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். உள்ளே சோப்பு, டெட்டால், பவுடர், மஞ்சள், வேப்பிலை விழுது எதுவும் வேண்டாம். தோல் தானாக விட ஆரம்பித்த பிறகு, எவ்வளவு தூரம் வலிக்காமல் போகிறதோ அவ்வளவு மட்டும் பையனே மெதுவாகத் தள்ளி, தண்ணீரில் கழுவி, மறுபடி முன்னால் கொண்டு வந்து மூட வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

பையனை எப்போ டாக்டரிடம் காட்டணும்?

- ஒண்ணுக்குப் போகும்போது வலித்து அழுதால், முக்கினால், சொட்டுச் சொட்டாகப் போனால்.
- தோல் சிவந்து வீங்கி, சீழ் வந்தால், அடிக்கடி இப்படி வந்தால்.
- காரணம் தெரியாத காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்து வந்தால்.
- தோலின் வாய் வெள்ளையாக, தடித்து, வளையம் போல இறுகியிருந்தால். இது ஒருவகைத் தோல் நோயால் வரும் தழும்பு. தானாகச் சரியாகாது.
- முன்பு பின்னால் போன தோல் இப்போது போகவில்லை என்றால்.
- வயசுக்கு வந்த பிறகும் தோல் விடாமல், வலி இருந்தால்.

இன்னொன்றும் கவனிங்க. சிறுநீர் வரும் துவாரம் முனையில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் டாக்டரிடம் காட்டாமல் தோலை எடுக்கவே கூடாது. அந்தத் துவாரத்தைச் சரி செய்யும் ஆபரேஷனுக்கு அந்தத் தோல்தான் தேவைப்படும். குழந்தை பிறந்ததும் இதை ஒரு தடவை பார்த்து வைப்பது நல்லது.

தோல் பின்னால் மாட்டிக்கொண்டால்: இது அவசரம்!

பின்னால் போன தோல் முன்னால் வராமல் நின்றால், ரப்பர் பேண்டு போட்ட மாதிரி மொட்டை இறுக்கும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு முனை வீங்கும். வீங்க வீங்க இன்னும் இறுகும். நேரம் போனால் முனை கறுத்துத் திசு அழுகிவிடலாம். இதற்கு 'நாளைக்குப் பார்க்கலாம்' என்ற பேச்சே கூடாது.

பெரியவராக இருந்தால், வீங்கிய முனையைச் சுத்தமான கையால் சில நிமிடம் மெதுவாக, விடாமல் அழுத்தி, வீக்கம் வடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவித் தோலை முன்னால் கொண்டு வரப் பார்க்கலாம். ஒரு தடவை முயன்று வரலைன்னா உடனே கிளம்பணும். குழந்தையாக இருந்தால் வீட்டில் முயற்சி பண்ணிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் நேராக ஆஸ்பத்திரிதான். வண்டி கிடைக்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்க.

வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாருக்கோ அப்பாவுக்கோ சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், குழாய் மாற்றும்போதும் துடைத்து விடும்போதும் தோலைப் பின்னால் தள்ளுவார்கள். வேலை முடிந்ததும் தோல் முன்னால் வந்து மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்க. பேச முடியாத பெரியவரால் வலியைச் சொல்ல முடியாது. பார்த்துக்கொள்கிற நமக்குத்தான் கண் வேணும்.

பெரியவருக்குப் புதிதாக இறுக்கம் வந்தால்

இத்தனை வருஷம் சரியாக இருந்த தோல் 35, 40 வயசுக்கு மேல் இறுகினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: சுகர் பார்த்தீங்களா?

சுகர் கூடினால் சிறுநீரிலும் சர்க்கரை இறங்கும். அந்த ஈரமும் இனிப்பும் பூஞ்சைக் கிருமிக்கு விருந்து. அரிப்பு வரும், சிவக்கும், வெள்ளையாகப் படியும். தோல் ஓரத்தில் மெல்லிய கீறல்கள் விழும். ஆறும், மறுபடி வெடிக்கும். இப்படி ஆறி ஆறித் தழும்பாகி வாய் குறுகிவிடும். பலருக்குச் சுகர் இருப்பதே இப்படித்தான் வெளியே தெரிகிறது.

ஏற்கெனவே சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கவனிக்கணும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரைகள்தான். ஆனால் இந்த இடத்தில் பூஞ்சை வர வாய்ப்பு கூடும். பெண்களுக்கும் இதே மாத்திரையால் அரிப்பு வரலாம். அப்படி வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்க. புருஷன் பெஞ்சாதி இருவருக்கும் அரிப்பு, வெள்ளைப்படுதல் என்று தொந்தரவு இருந்தால் இருவரும் சேர்ந்தே வைத்தியம் பார்க்கணும். ஒருவர் மட்டும் பார்த்தால் மறுபடி மறுபடி வரலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நம்ம குழுப் பெண்கள் பலர் சுகாதாரத் தன்னார்வலராக வீடு வீடாகப் போய் பி.பி., சுகர் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும், "எனக்கென்ன சுகர், நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று கையை நீட்ட மறுக்கும் ஆண்கள் எத்தனை பேர் என்று. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் பார்க்கக் காசு கிடையாது. வீட்டு ஆண்களை ஒரு தடவை கூட்டிப் போங்க.

கவனிக்காமல் விட்டால்?

கழுவ முடியாத இடத்தில் அழுக்கும் கிருமியும் சேரும். வருஷக்கணக்கில் புண் வந்து வந்து ஆறினால், ஆணுறுப்பில் புற்றுநோய் வருகிற ஆபத்து கூடுகிறது. அரிதான நோய்தான். ஆனாலும் இறுகிய தோல், பீடி சிகரெட் பழக்கம், எச்.பி.வி. என்ற வைரஸ், இவை சேர்ந்தால் ஆபத்து அதிகம். நமக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் கொண்டு வருகிறதும் இந்த எச்.பி.வி. வைரஸ்தான்.

கொடுமை என்னவென்றால், தோல் மூடியிருப்பதால் உள்ளே புண் இருப்பது வெளியே தெரியாது. ஆறாத புண், கட்டி, தோலுக்கடியிலிருந்து கெட்ட வாடையுடன் நீர் அல்லது ரத்தம், தொடை இடுக்கில் நெறி கட்டுவது, இதில் எது இருந்தாலும் ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க. ஆரம்பத்திலேயே பார்த்தால் உறுப்பைக் காப்பாற்றியே குணப்படுத்த வழி இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

என்ன வைத்தியம்?

'ஆபரேஷன்' என்ற சொல்லுக்குப் பயந்தே பலர் போவதில்லை. எல்லாருக்கும் ஆபரேஷன் கிடையாது.

முதல் படி, களிம்பு. தழும்பு இல்லாத இறுக்கத்துக்கு டாக்டர்கள் முதலில் தருவது பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பு. தோல் இறுகியிருக்கும் அந்த வளையத்தில் மட்டும் மெல்லிசாக, பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 4 முதல் 8 வாரம் வரை தடவச் சொல்வார்கள். தோல் இளகிய பிறகு வலிக்காத அளவுக்கு மெதுவாகத் தள்ளிப் பழகணும். சொன்ன மாதிரி விடாமல் தடவினால் பெரும்பாலான பையன்களுக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: மெடிக்கல் ஷாப்பில் பேர் சொல்லி நீங்களாக வாங்கித் தடவாதீங்க. பூஞ்சை இருக்கும் இடத்தில் வெறும் ஸ்டீராய்டு தடவினால் பூஞ்சை பெருகும். புற்றுநோய்ப் புண்ணாக இருந்தால் நோய் மறைந்து நிற்கும். டாக்டர் பார்த்துத்தான் எழுதணும்.

இரண்டாம் படி, சிறு அறுவை. தழும்பு விழுந்து இறுகியிருந்தால், அல்லது களிம்புக்குக் கேட்கவில்லை என்றால் அறுவை சிகிச்சை. முன்தோலை எடுத்துவிடுவது ஒரு முறை. சிலருக்குத் தோலை எடுக்காமல், குறுகிய வாயை மட்டும் கீறி அகலப்படுத்தித் தைப்பதும் உண்டு. எது சரி என்று டாக்டர் சொல்வார். பெரியவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப் போகச் செய்து பண்ணலாம். குழந்தைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படும். பலரும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். தையல் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். ஆற 2, 3 வாரம் ஆகும். பெரியவர்கள் 4 முதல் 6 வாரம் உறவைத் தவிர்க்கணும். துணி நனையும்படி ரத்தம், காய்ச்சல், சீழ், சிறுநீர் வராமை இருந்தால் உடனே திரும்பப் போகணும். ஆபரேஷனுக்கு முன் சுகரைக் கட்டுக்குள் கொண்டு வருவார்கள். குடும்பத்தில் யாருக்காவது அடிபட்டால் ரத்தம் நிற்காத நோய் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடணும்.

"தோலை எடுத்தா ஆண்மை போயிடுமா? குழந்தை பிறக்காதா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் தவறு. விந்தணு உண்டாகிற இடம் விதை. முன்தோலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நம்ம குழுக்களில் உள்ள முஸ்லிம் சகோதரிகளைக் கேளுங்க. அவர்கள் வீட்டில் சுன்னத் செய்வது காலங்காலமாக உள்ள வழக்கம். பிள்ளை குட்டியோடு நன்றாகத்தானே இருக்கிறார்கள்! ஒரு வேண்டுகோள்: சுன்னத் செய்வதாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில், டாக்டர் கையால், சுத்தமான கருவியால் செய்யுங்க.

போஸ்டர் வைத்தியர்கள் ஜாக்கிரதை

ரயில்வே ஸ்டேஷன் சுவரிலும் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையிலும் ஒட்டியிருக்கும் 'ஆண்மைக்கு உத்தரவாதம்' நோட்டீசுகளை நாம் பார்த்திருப்போம். இந்த மாதிரி மருந்து விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டே மத்திய அரசு தனிச்சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. விளம்பரமே சட்டவிரோதம் என்றால் அந்த வைத்தியத்தை நம்பலாமா? தோல் இறுக்கத்தை எந்த லேகியமும் இளக்காது. உறுப்பைப் பார்க்காமல் மருந்து தருகிற ஆள் டாக்டர் இல்லை. இதற்காக யாராவது குழுவில் கடன் கேட்டால், தீர்மானம் எழுதுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க.

எங்கே போவது?

முதலில் பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனை. அங்கே பார்த்து, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவார்கள்.

- குழந்தைகளுக்கு: எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை. குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.
- பெரியவர்களுக்கு: சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை அல்லது கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை. சிறுநீரக அறுவைப் பிரிவு, அதாவது 'யூராலஜி' என்று கேளுங்க. ஆவடி, அம்பத்தூர்க்காரர்கள் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் ஜி.எச். பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலையிலேயே பஸ்ஸில் போனால் கீழ்ப்பாக்கம்.
- எஸ்டேட் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள்: இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் உங்கள் டிஸ்பென்சரியில் காட்டுங்க. அங்கிருந்து அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மனைவி, பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிடுங்க. பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை, ஆதார் நகல் கையில் இருக்கட்டும். சந்தேகம் கேட்க 104-க்குப் போன் பண்ணலாம்.

வீட்டில் எப்படிப் பேசுவது?

புருஷனிடம் "உங்களுக்கு என்ன குறை?" என்று ஆரம்பித்தால் அவர் எழுந்து போய்விடுவார். "வலிக்குதா? நானும் கூட வர்றேன், டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்" என்று கேட்டுப் பாருங்க. வலியால் ஒதுங்குகிற ஆணை, வெறுத்து ஒதுங்குகிறார் என்று நினைத்துச் சண்டை போட்ட வீடுகள் உண்டு. ஆவடி சகோதரியின் வீடும் அப்படித்தான் இருந்தது.

வளர்ந்த பையன் அம்மாவிடம் சொல்லக் கூச்சப்படுவான். அப்பா, மாமா, சித்தப்பா யாரிடமாவது பேசச் சொல்லுங்க. யாரும் இல்லையென்றால் நாமே சொல்லலாம்: "டேய், குளிக்கும்போது அந்த இடத்தையும் கழுவுடா. வலிச்சா, வீங்கினா மறைக்காம சொல்லு, திட்ட மாட்டேன்." இந்த 'திட்ட மாட்டேன்' என்ற வார்த்தை ரொம்ப முக்கியம். கல்யாணத்துக்கு நாள் குறிச்ச பிறகு தெரிந்து தவிப்பதைவிட, முன்கூட்டியே தெரிந்தால் ஒரு களிம்போடு முடிந்துபோகும் சங்கதி.

இப்போது அம்பத்தூர்ப் பையன் நன்றாக இருக்கிறான். கிழிந்த இடம் ஆறக் களிம்பு தந்தார்கள். பாட்டி இப்போது தோலைத் தொடுவதே இல்லை, மற்ற பாட்டிகளுக்கும் சொல்கிறாராம். ஆவடி அண்ணனுக்குச் சுகரைக் குறைத்த பிறகு அரசு மருத்துவமனையிலேயே ஆபரேஷன் நடந்தது. அந்தச் சகோதரி பிறகு உள்கடன் கேட்டார். வைத்தியத்துக்கு இல்லை, தையல் மெஷின் வாங்க.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் சத்தமாகப் படியுங்கள். முதலில் சிரிப்பார்கள். படிக்கப் படிக்க அமைதியாகி விடுவார்கள். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருத்தர் ஊக்குநர் பக்கத்தில் தனியாக வந்து நிற்பார். அவர் கையைப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்க.